நீதிபதியின் நடுநிலை

வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர் தம் சொந்த விருப்பு வெறுப்பை ஒதுக்கிவிட்டு, இரு தரப்பும் முன்வைத்த சான்றையும் சட்டத்தையும் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறி. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள் இதற்காக எடுக்கும் உறுதிமொழி அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் அட்டவணையில் உள்ளது.

வழக்கில் பண ஆதாயம் இருந்தால் நீதிபதி விலகியே ஆக வேண்டும். தொகை சின்னதா பெரியதா என்ற பேச்சில்லை. நெருங்கிய உறவும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கும் மனுநீதிச் சோழனே இன்று இருந்தால், மகன் மீதான வழக்கை வேறொருவருக்கு மாற்றிவிட்டு எழுந்திருக்க வேண்டும். 1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிபதி தம் மனத்தைப் பார்த்தால் போதாது, எதிரே நிற்கும் வழக்காளியின் மனத்தைப் பார்க்க வேண்டும் என்றது. அவருக்கு நியாயமான ஐயம் எழுமா என்பதே உரைகல்.

சொந்தக் கருத்து என்று வரும்போதுதான் சிக்கல். நில எடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பற்றி ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்த நீதிபதி அருண் மிஸ்ரா, அதே கேள்வியை விசாரித்த ஐவர் அமர்விலிருந்து விலக 2019இல் மறுத்தார். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் எடுத்த வழி வேறு. வீட்டாரின் எதிர்ப்புக்குத் தப்பி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த பெண் இணையர், போலீஸ் தொல்லை கூடாதென்று பாதுகாப்புக் கேட்டிருந்தனர். தன்பாலின உறவு பற்றித் தமக்கே முன்முடிவுகள் இருப்பதை அவர் மறைக்கவில்லை. உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, நடந்ததைப் பதிவும் செய்து, ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். பாலீர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளுக்கு அதில் தடை விதித்தார். தரப்பினருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அந்தப் பாடமே குற்றச்சாட்டாகியிருக்கும்.

வடசென்னையின் மணலியை ஒட்டி, விசாரிப்பவரின் நடுநிலை பற்றிய கேள்வி எழுந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. படகிலும் வலையிலும் தார்போல அப்பிக்கொண்டது. மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதவில்லை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தன் குழாய்களில் கசிவே இல்லை என்றது நிறுவனம்.

மனுதாரர் இல்லாத இத்தகைய வழக்கில் முதல் சந்தேகம் விசாரிப்பவருடையதே. சந்தேகப்பட்டவரே தீர்ப்பும் சொல்லலாமா? தாமாக வழக்கெடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021 அக்டோபரில் அங்கிதா சின்ஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2023 ஜூலையில், சிங்ரௌலி அனல்மின் நிலைய வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பாயம் அமைத்த குழுவின் அறிக்கையை வைத்து, பாதிக்கப்படும் தரப்பை முறையாகக் கேட்காமல் பிறப்பித்த உத்தரவு அது. வழக்கு மறுபடி முதலிலிருந்து.

எண்ணூர்க் கரையில் கையெல்லாம் எண்ணெயோடு நின்றவருக்கு நோட்டீஸ், பதில் மனு, வாய்தா எல்லாம் இழுத்தடிப்பாகவே தோன்றும், தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் எதிர்த்தரப்பைக் கேட்காமல் அவசரமாகக் கிடைக்கும் உத்தரவு மேல்முறையீட்டில் விழுந்தால், மறுபடி வாய்தாவுக்குக் காத்திருக்கப்போவதும் அவர்தான்.