சாய்ந்த சதுரமும் பாஸ்கரரின் கோபமும்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், துவரங்குறிச்சிப் பக்கம் இருக்கிறது மருங்காபுரி. ஒரு காலத்தில் ஜமீன். அங்கே வயல்களைக் கவனித்தால் நாலு வரப்பு இருக்கும். ஆனால், நோட்டுப் புத்தகச் செவ்வகம் லேசில் கிடைக்காது! ஒரு வரப்பு நீளம், எதிர் வரப்பு குட்டை, ஒரு மூலை ஒடுங்கி... இதற்கெல்லாம் பரப்பு கண்டுபிடித்து எப்படி வரி போடுவது?

பழைய காலத்தில் ஒரு சுருக்குவழி இருந்தது. எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கு, வந்த இரண்டையும் பெருக்கு. முடிந்தது வேலை! எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் நில அளவுகளை இப்படித்தான் பொறித்திருக்கிறார்கள். முக்கோண நிலமா? கவலையே இல்லை, நாலாவது பக்கம் 'ஒன்றுமில்லை' என்று போட்டுக்கொண்டார்கள்! கி.பி. 628-ல் நம் பிரம்மகுப்தரும் இந்த வழியைச் சொன்னார். ஆனால், 'இது தோராயம்தான்' என்று எச்சரித்துவிட்டு!

விஷயம் என்னவென்றால், செவ்வகத்துக்கு மட்டும்தான் இது சரியாக வரும். வேறு எந்த வடிவத்துக்குப் போட்டாலும் நிலம் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறையாது. வரி வாங்குகிறவருக்கு லாபம், ஏர் பிடிக்கிறவனுக்கு நஷ்டம்.

1150-ல் 'லீலாவதி' எழுதிய பாஸ்கரருக்கு வந்ததே கோபம்! நாலு பக்கத்தை மட்டும் சொல்லிப் பரப்பு கேட்கிறவன் பிசாசு, அதற்குப் பதில் சொல்கிறவன் அதைவிடப் பெரிய பிசாசு என்று திட்டியே விட்டார். நாலு பக்கமும் 25 உள்ள வடிவத்தை எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்றால் சதுரம், பரப்பு 625. லேசாகச் சாய்த்து, மூலைவிட்டங்கள் 30, 40 என்று ஆனால் 600. இன்னும் அழுத்தி 14, 48 என்று ஆக்கினால் வெறும் 336! வரப்பு நீளம் ஒரு விரல்கூட மாறவில்லை. சுருக்குவழியோ மூன்றுக்கும் 625 என்றே சாதிக்கும்.

சதுரம் வேறு, சாய்சதுரம் வேறு என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? உண்மையில் சாய்சதுரம் என்பது நாலு பக்கமும் சமமான குடும்பத்தின் பெயர். அதில் விறைப்பாக நிற்கிற பிள்ளைதான் சதுரம். அதே பிள்ளைக்குச் செவ்வகக் குடும்பத்திலும் பங்கு உண்டு. இரண்டு குடும்பமும் இணைகரம் என்ற பெரிய வீட்டுக்குள் அடக்கம். (யூக்ளிட் இதை ஏற்கவில்லை. அவருடைய செவ்வகத்தில் சதுரத்துக்கு இடம் கிடையாது!)

இன்று மருங்காபுரி தாலுகாவில் ஒரு வயலுக்குப் புலப்படம் வாங்கிப் பாருங்கள். எல்லைக் கோடுகளோடு, உள்ளே மூலைக்கு மூலை இழுத்த ஒரு கோடும் அதன் நீளமும் இருக்கும். சர்வேயர்கள் அதை 'ஜி லைன்' என்பார்கள். அன்றைக்குப் பாஸ்கரர் கேட்டது அந்தக் கோட்டைத்தான்.