பாலியல் நலப் பொதுக்கலையும் அதன் புரவலர்களும்

அருங்காட்சியகப் பக்கமே போகாதவர் கண்ணிலும் படும்படி சுவரிலும் பேருந்திலும் பூங்காவிலும் வைக்கப்பட்டு, பாதுகாப்பான உறவையும் சம்மதத்தையும் பற்றிப் பேசும் ஓவியம், சுவரொட்டி, துணிக்கலை முதலியவை பாலியல் நலப் பொதுக்கலை எனப்படும். 1980-களில் அமெரிக்காவில் எய்ட்ஸ் பரவியபோது இது தனி வகையாக உருப்பெற்றது. ஓவியர்களைப் பற்றி மட்டும் எழுதினால் இதன் வரலாறு பாதியில் நின்றுவிடும். பணம் எங்கிருந்து வந்தது, அதற்காக எந்த வரி வெட்டப்பட்டது என்பது மீதிப் பாதி.

அரசுப் பணத்துக்கு முதலிலேயே முட்டுக்கட்டை விழுந்தது. 1987 அக்டோபரில் வட கரோலைனாவின் செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ், 'கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ்' என்ற நியூயார்க் அமைப்பு வெளியிட்ட படக்கதைகளைக் காட்டிச் செனட்டில் கொதித்தார். ஆணுறையோடு கூடிய பாதுகாப்பான உறவை விளக்கும் படக்கதைகள் அவை. தன்பாலின உறவை நேராகவோ மறைமுகமாகவோ ஊக்குவிக்கும் எய்ட்ஸ் கல்விக்கு மத்திய நிதி கூடாது என்ற அவரது திருத்தம் 94-க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இத்தனைக்கும் அந்தப் படக்கதைகள் தனியார் நன்கொடையில் அச்சானவை.

இந்தச் சூழலில் நியூயார்க்கில் தோன்றியதுதான் 'கிரான் ஃபியூரி' குழு. எய்ட்ஸ் போராட்ட இயக்கமான 'ஆக்ட் அப்'பிலிருந்து 1988-இல் பிரிந்து உருவான இந்தக் கலைஞர் கூட்டம், நகரக் காவல்துறை பயன்படுத்திய பிளிமத் கார் ஒன்றின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. விளம்பரத்தின் உடையை அணிந்துகொண்டு விளம்பரத்தையே எதிர்ப்பது அதன் பாணி.

அதன் புகழ்பெற்ற படைப்பு, முத்தம் கொல்லாது, பேராசையும் அலட்சியமுமே கொல்லும் என்று அறிவித்த 1989-ஆம் ஆண்டுச் சுவரொட்டி. பெனட்டன் ஆடை விளம்பரங்களின் சாயலில், பளிச்சென்ற நிறங்களில், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த மூன்று இணைகள் முத்தமிட்டுக்கொள்ளும் படம் அது. ஓர் இணை ஆணும் பெண்ணும். மற்ற இரண்டில் ஒன்று ஆண்கள், மற்றொன்று பெண்கள். முத்தத்தால் எய்ட்ஸ் தொற்றும் என்று பலரும் அஞ்சிய காலம் என்பதால், தலைப்பு வாசகமே ஒரு மருத்துவப் பாடமாக அமைந்தது. பேருந்துகளின் பக்கவாட்டில் ஒட்டுவதற்காக, எய்ட்ஸ் ஆய்வுக்கு நிதி திரட்டும் ஆம்ஃபார் அறக்கட்டளையின் கலைத்திட்டத்தில் இது இடம்பெற்றது.

முதல் வடிவத்தில் கீழே இன்னொரு வரி இருந்தது. பெருநிறுவனங்களின் பேராசை, அரசின் செயலின்மை, மக்களின் அலட்சியம் ஆகிய மூன்றும் சேர்ந்தே எய்ட்ஸை அரசியல் நெருக்கடி ஆக்கின என்பது அதன் சாரம். திட்டத்துக்குப் பணம் தரும் நிறுவனங்கள் முகம் சுளிக்குமோ என்று ஆம்ஃபார் தயங்கியது. வரி நீக்கப்பட்டது.

விளைவு விசித்திரமானது. கீழ்வரி இல்லாமல் பேருந்தேறிய சுவரொட்டியைச் சிகாகோவில் பலர் தன்பாலின வாழ்க்கைக்கான விளம்பரம் என்றே வாசித்தார்கள். எய்ட்ஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நகர மன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். நீக்கப்பட்ட வரியில் அதற்கான பதில் இருந்தது. 1990-இல் இத்தகைய படங்களைப் பொதுப் போக்குவரத்தில் தடைசெய்யும் மசோதாவை இல்லினாய் மாநிலச் செனட் நிறைவேற்றியது, கீழவை தோற்கடித்தது. படங்கள் ஒட்டப்பட்டதும் சிலர் அவற்றைச் சிதைத்தார்கள்.

1991-இல் 'பப்ளிக் ஆர்ட் ஃபண்ட்' என்ற அமைப்பின் ஆதரவோடு, இதே குழு நியூயார்க்கின் பேருந்து நிறுத்தங்களில் இன்னொரு படைப்பை வைத்தது. எய்ட்ஸ் நோய்க்கான அரசின் வரையறை பெண்களுக்கு வரும் நோய்க்குறிகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் பெண்கள் உதவி பெறாமலே இறக்கிறார்கள் என்று அது குற்றம் சாட்டியது. வழக்குகளும் போராட்டங்களும் சேர்ந்து அழுத்தம் தந்ததில், 1993-இல் வரையறை விரிவாக்கப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோயும் பட்டியலில் சேர்ந்தது.

புரவலரே இல்லாமல் செய்வது மற்றொரு வழி. 1989 பிப்ரவரியில் பார்சிலோனாவின் ராவல் பகுதியில், நகராட்சி அனுமதியோடு, ஊதியம் வாங்காமல் ஓவியர் கீத் ஹேரிங் சிவப்பு வண்ணத்தில் ஒரு நீண்ட சுவரோவியம் தீட்டினார். எல்லாரும் சேர்ந்தால் எய்ட்ஸைத் தடுக்கலாம் என்பது அதன் வாசகம். ஊசியும் ஆணுறையும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு எய்ட்ஸ் தொடர்பான நோயால் அவர் இறந்தார். மூலச் சுவர் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. பிரதி எடுத்து வைத்திருந்ததால், 2014 முதல் நகரின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தை ஒட்டிய சுவரில் அது மீண்டும் நிற்கிறது.

சம்மதம் என்ற பொருள் முன்னுக்கு வந்தது பிறகுதான். ஹன்னா பிரான்காட்டோ, ரெபெக்கா நேகல் ஆகியோர் தொடங்கிய பால்டிமோர் நகரின் 'ஃபோர்ஸ்' குழு, 2012 டிசம்பரில், விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளாடை நிறுவனம் சம்மதத்தை வலியுறுத்தும் வாசகங்களோடு புதிய ஆடைகளை வெளியிடுவதாக ஒரு போலி இணையதளத்தைத் திறந்தது. உண்மை என்று நம்பிப் பாராட்டியவர்கள் ஏராளம். கோடிக்கணக்கில் செலவழித்து வளர்க்கப்பட்ட ஒரு வணிகப் பெயரை அது காசில்லாமல் கடன் வாங்கிக்கொண்டது.

அடுத்த திட்டத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானோர் தம் அனுபவத்தைச் சிவப்புத் துணிச் சதுரங்களில் எழுதித் தைத்து அனுப்ப, அவற்றை இணைத்துப் பெரும் விரிப்பாக்கும் 'மான்யுமெண்ட் குவில்ட்' என்ற திட்டம் அது. துணியை விரிக்கத் திடல் வேண்டும், ஏற்றிச் செல்ல வண்டி வேண்டும், படிப்பவர் உடைந்து அழுதால் அருகில் ஆற்றுப்படுத்துநர் வேண்டும். இதற்கு மக்களிடம் இணையம் வழியே சிறுதொகைகள் திரட்டப்பட்டன. சதுரங்கள் தைத்தவர்களின் உழைப்பு இலவசம். 2014-இல் பல நகரங்களைச் சுற்றிய விரிப்பு, 2019-இல் ஏறத்தாழ 3,000 சதுரங்களோடு வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியை நிரப்பியது. மெக்சிகோவின் 'லா காசா மண்டரீனா' அமைப்பும் இதில் கூட்டாளி.

மக்கள் பணத்தில் தொடங்கியதை அரசு பின்னர் தத்தெடுத்ததும் உண்டு. தெருவில் பெண்களைச் சிரிக்கச் சொல்லித் தொல்லை தருவோருக்கு எதிராக, ஓவியர் டாட்டியானா ஃபஸ்லலிசாதே 2012-இல் புரூக்ளின் சுவர்களில் பெண்களின் உருவப்படங்களை மாவுப்பசை கொண்டு ஒட்டத் தொடங்கினார். பிற நகரங்களுக்குப் போகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையவழி நிதிதிரட்டும் தளத்தில் பணம் திரட்டினார். 2018-இல் நியூயார்க் மாநகரின் மனித உரிமை ஆணையம் அவரைத் தன் உறைவிடப் பொதுக்கலைஞராக அமர்த்தியது.