வெற்றிக் களிப்பும் மஞ்சள் அட்டையும்

கத்தார் நாட்டின் லுசைல் அரங்கில் 2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் நிகழ்ந்த ஒரு செய்தியை முதற்கண் கூற விரும்புகிறேன். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் அன்று காமரூனும் பிரேசிலும் எதிர்த்து நின்றன. தொண்ணூறு நிமிடங்கள் கடந்தும் இரு தரப்பாரும் கோல் போடவில்லை. கூடுதலாகத் தரப்பட்ட நேரத்தில் காமரூன் அணித்தலைவர் வின்சென்ட் அபூபக்கர் பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க அணியொன்று பிரேசிலை வென்றது அதுவே முதன்முறை. களிப்பு மிகுதியால் அவர் மேற்சட்டையைக் கழற்றி வீசினார். முன்னரே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்தவர் அவர். நடுவர் இஸ்மாயில் எல்ஃபத் அருகே வந்தார், புன்னகை பூத்தார், அவர் கையைப் பற்றிக் குலுக்கினார், பிறகு மஞ்சள் அட்டையையும், அதனைத் தொடர்ந்து சிவப்பு அட்டையையும் உயர்த்திக் காட்டினார். அபூபக்கரும் முகம் கோணாமல் களத்தை விட்டு வெளியேறினார்.

வாழ்த்திய கையே வெளியேற்றிய கையும் ஆயிற்று. அந்த நடுவர் சட்டப்படி நடந்தார்; அவர்மேல் குற்றமில்லை. ஆயினும், உள்ளம் வாழ்த்துகின்ற ஒன்றைக் கை தண்டிக்க வேண்டியிருப்பின், அச்சட்டத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையன்றோ?

வரலாற்றைப் பார்ப்போம். 1863-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கால்பந்துச் சங்கம் தோன்றி ஆட்டத்திற்கு விதிகள் வகுத்தது. விதிகளைக் காக்கும் அனைத்துலக வாரியம் 1886-இல் அமைந்தது. இங்கிலாந்தின் உயர்தரப் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம் இது. வெற்றியிலும் தோல்வியிலும் முகம் மாறாதிருத்தலே பண்பு என்பது அப்பள்ளிகளின் கொள்கை. பழைய படச்சுருள்களில் கோல் போட்டவர் தோழர்களுடன் கைகுலுக்கிவிட்டு நடுக்கோட்டிற்குத் திரும்புவதைக் காண்கிறோம்.

ஆட்டம் கடல் கடந்தபோது அடக்கம் மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது. 1970-ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கு எதிராக முதல் கோலைப் போட்ட பெலே, தோழர் ஜைர்சினோவின் தோள்களில் தாவி ஏறிக் கையை வானோக்கி உயர்த்தினார். 1982-இல் மாட்ரிட் நகரில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கோல் போட்ட இத்தாலியின் மார்க்கோ தர்தெல்லி, முட்டிகளை இறுக்கி, தலையை ஆட்டி, அலறியவாறே ஓடினார். 1990-இல் காமரூனின் ரோஜர் மில்லா, 38 வயதில், மூலைக் கொடியருகே நடனமாடினார். 1994-இல் பிரேசிலின் பெபெத்தோ, அப்போதுதான் பிறந்திருந்த தம் மகனை எண்ணிக் கைகளைத் தொட்டிலாக்கி ஆட்டினார். தோழர் இருவரும் உடன் ஆட்டினர். அந்த ஆட்டங்களின் கணக்கை மறந்தவர்களும் இக்காட்சிகளை மறக்கவில்லை.

விதி நெருக்கியதும் இதே காலத்தில்தான். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தன. சாலை விளக்கின் நிறங்களைக் கண்டு இம்முறையை எண்ணியவர் கென் ஆஸ்டன் என்னும் ஆங்கில நடுவர். கோல் போட்டபின் சட்டையைக் கழற்றுவோருக்கு மஞ்சள் அட்டை காட்டியே தீரவேண்டும் என்னும் கட்டாய விதி 2004-இல் வந்தது. இன்றைய விதி நூலின்படி, வேலியில் ஏறுதல், பார்வையாளருக்கு இடர் நேரும்படி அவர்களை அணுகுதல், பிறரைச் சீண்டுதல் அல்லது இழித்தல், முகமூடி அணிதல், சட்டையைக் கழற்றுதல் ஆகியவை எச்சரிக்கைக்கு உரியவை.

இவ்விதிகளுக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2009-இல் மான்செஸ்டர் சிட்டி அணியின் அடெபாயோர், தம் பழைய அணியான ஆர்சனலுக்கு எதிராகக் கோல் போட்டதும் களத்தின் மறுகோடி வரை ஓடி, ஆர்சனல் அன்பர்களின் முன்னே நின்று களித்தார். கூட்டம் கொதித்தது, காவற்பணியாளர் ஒருவர் காயமுற்றார். 2013-இல் ஏதென்சு நகரின் ஏ.இ.கே. அணி வீரர் கத்திதிஸ், நாஜிகளின் முறையில் கையை நீட்டி வணங்கினார். அதன் பொருளை அறியேன் என்று அவர் கூறினார். எனினும் கிரேக்கக் கால்பந்துச் சங்கம் நாட்டு அணிகளில் ஆட அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. நாஜிகளின் பிடியில் அல்லலுற்ற நாடு அது. ஒருவரது களிப்பு மற்றவரது புண்ணைக் கீறுமாயின் அதனைத் தடுப்பது முறையே. அளவு கடந்த சினத்தைவிட, மகிழ்ச்சிப் பெருக்கால் வரும் மறதி தீயது என்று வள்ளுவரும் பொச்சாவாமையில் எச்சரிக்கிறார்.

ஆனால் சட்டையைக் கழற்றியவன் யாருடைய புண்ணைக் கீறினான்? 2010-ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்தில், 116-ஆம் நிமிடத்தில், ஸ்பெயினுக்கு வெற்றிக் கோலைப் போட்டவர் இனியெஸ்தா. சட்டையைக் கழற்றியபோது உள்ளாடையில் தெரிந்தது, முந்திய ஆண்டு இறந்துபோன தானி ஹார்க்கே என்னும் ஆட்டக்காரரின் பெயர். உலகமே பார்த்திருக்கத் தம் நண்பரை நினைவுகூர்ந்தார். மஞ்சள் அட்டை பெற்றார். முரட்டுத்தனமாக எதிரியின் காலை இடறியவனுக்கும் அதே அட்டைதான். காலம் வீணாகிறது என்பார்கள். கோல் களிப்பில் கழிந்த நேரத்தைப் பின்னர்க் கூட்டித்தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. கடனை அடைத்தவனிடம் அபராதமும் கேட்பது எவ்வாறு பொருந்தும்?

விதி காணத் தவறிய இடமும் ஒன்றுண்டு. 2014-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நம் நாட்டின் மிசோரம் மாநிலத்தில் பீட்டர் பியாக்சங்சுவாலா என்னும் 23 வயது இளைஞர் கோல் போட்ட மகிழ்ச்சியில் குட்டிக்கரணம் அடித்தார். தரையில் தவறி விழுந்து தண்டுவடம் முறிந்து, சில நாட்களில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். சட்டை கழற்றுவதற்குப் பெயர் சொல்லித் தண்டனை எழுதிய விதி நூலில் குட்டிக்கரணத்திற்குப் பெயரில்லை. அதற்கும் அட்டை வேண்டும் என்று நான் கூறவில்லை. அந்த இளைஞருக்குத் தேவைப்பட்டது தண்டனை அன்று. முன்னமே ஒருவர் அருகிருந்து சொல்லியிருக்க வேண்டிய அறிவுரை. அது பயிற்சியாளரின் வேலை, ஆசிரியரின் வேலை.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளிகளுக்கிடையிலான போட்டியொன்றில் எங்கள் மாணவன் ஒருவன் கடைசி நிமிடத்தில் கோல் போட்டான். வேப்பமர நிழலில் அமர்ந்திருந்த வகுப்புத் தோழர்களிடம் ஓடி, அவர்களோடு மண்ணில் புரண்டு கூச்சலிட்டான். ஒழுங்கு குலைந்தது என்று கருதி, அடுத்த ஆட்டத்தில் அவனைச் சேர்க்கவில்லை. மறு ஆண்டு அவன் மீண்டும் கோல் போட்டான். போட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். தலையைக் குனிந்தபடி தன் இடத்திற்கு நடந்தான். அன்று என் உடனிருந்த ஆசிரியர்கள் அவன் அடக்கத்தைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அப்பாராட்டு உறுத்திற்று. அவன் கற்றது அடக்கமன்று, அச்சம்.

மெய்யான அடக்கம் எத்தகையது என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காகப் பதினோர் ஆண்டுகள் ஆடிய டெனிஸ் லா, 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், அண்டை அணியான மான்செஸ்டர் சிட்டிக்காக அதே யுனைடெட்டை எதிர்த்து ஆடினார். குதிகாலால் பந்தைத் தட்டிக் கோலாக்கினார். அந்நாளில் யுனைடெட் முதற்பிரிவிலிருந்து கீழிறங்கிற்று. தோழர்கள் தழுவினார்கள், அவர் சிரிக்கவில்லை. எந்த விதியும் அவரைத் தடுக்கவில்லை. நெஞ்சம் தடுத்தது. என் மாணவனின் குனிந்த தலையையும் லாவின் குனிந்த தலையையும் ஒன்றாக எண்ணுதல் தகாது.

உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். விளையாட்டிலிருந்து உவகையை நீக்கினால் எஞ்சுவது உடற்பயிற்சி. ஆகவே, பிறரை இழிக்கும் செய்கைக்கும், கூட்டத்தைத் தூண்டும் செய்கைக்கும் தண்டனை இருக்கட்டும், உறுதியாகவே இருக்கட்டும். யாருக்கும் தீங்கிழைக்காத வெறுங்களிப்பைத் தண்டிக்கும் பகுதியை விதி நூலிலிருந்து நீக்கிவிடுதல் நன்று. நீக்கும்வரை, தண்டனையைக் கடுமையாக ஓங்கி மெல்ல இறக்குக என்னும் வள்ளுவர் வழியில், முதலில் கைகுலுக்கிய அந்த நடுவரைப் போன்றவர்கள் எல்லா ஆடுகளங்களிலும் அமைவார்களாக.