பள்ளிவாசல் சுவரில் காவிப் பட்டை



சிங்கம்புணரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பழைய பள்ளிவாசலில், சென்ற மழைக்குப் பின் பச்சைப் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது. உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. சுவரின் அடியில் முழங்கால் உயரத்திற்குக் காவிப் பட்டை. அதைக் கண்ட நம் மதரஸா மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், இது முன்பு பள்ளிவாசலாக இருக்கவில்லையா?" என்று கேட்டான். பத்து வயதுப் பிள்ளை. இந்த ஐயத்தை அவனுக்கு ஊட்டியது எது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பட்டை எதற்கு என்பதைச் சொல்வோம்.

இவ்வட்டாரத்தில் செம்மண் மிகுதி. கூரைநீர் தரையில் விழும்போது சேறு சுவரில் தெறிக்கும். வெள்ளையில் அக்கறை உடனே தெரியும், காவியில் தெரியாது. காவி என்பதே இரும்பு கலந்த மண், வெயிலில் வெளுக்காது. கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறி மாறி வருவதற்கு அவர்களிடம் வேறு பொருள் உண்டு. வீட்டுச் சுவரின் அடிப்பட்டைக்குச் சேறே காரணம்.

மேலே பூசிய வெள்ளையும் அப்படியே. சுட்ட கிளிஞ்சலையோ கல்லையோ நீற்றிப் பூசினால் அது வெயிலைத் திருப்பிவிடும். அதன் காரம் பூஞ்சையை அண்டவிடாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகும். மஞ்சள் சாயல் மறையச் சிறிது நீலமும் கலப்பர். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவர்களும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த இதே சுண்ணாம்புதான். எல்லாவற்றிலும் முக்கியம், சுவரின் ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறும். பிளாஸ்டிக் பெயிண்ட் அதை அடைத்துவிடும். நம் பள்ளிவாசலில் உரிந்ததன் காரணம் அதுவே.

பச்சைக்கு வருவோம். சுவனவாசிகளின் ஆடை பச்சை என்கிறது திருக்குர்ஆன். பள்ளிவாசலின் சுவரைப் பற்றி அவ்வாறு கூறவில்லை. மதீனாவின் குவிமாடம் 1279-இல் எழுப்பப்பட்டது. அதற்குப் பச்சை பூசியது 1837-இல்தான். உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூச வேண்டாம் எனத் தடுத்ததாக புகாரியில் வருகிறதே என்று சிலர் கேட்கலாம். தொழுவோரின் கவனம் சிதறும் என்றே அவர்கள் அஞ்சினார்கள். அந்நிறங்கள் பிற மதத்தாருடையவை என்று சொல்லவில்லை. வெளிச்சுவரின் அடியில் உள்ள பட்டை யாருடைய தொழுகையையும் கலைக்காது.

பெயிண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க ஜமாஅத்தார் இசைந்துவிட்டனர். ஷஃபானில் வேலை தொடங்கும். காவிப் பட்டை குறித்து மட்டும் பேச்சு முடியவில்லை, "பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார் ஒரு பெரியவர். பட்டை இருக்கட்டும் என்பதே நம் கருத்து. அடுத்த மழையிலும் அதே செம்மண்தான் தெறிக்கப்போகிறது.