சுவாமிநாதன், ஜகதீஷ் (1928–1994)

ஓவியர், விமரிசகர், காட்சிசாலை அமைப்பாளர், ஆசான். சிம்லாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். இளமையில் கம்யூனிஸ்டு இயக்கத்திலும் பத்திரிகைத் தொழிலிலும் ஈடுபட்டார். தில்லியிலும் சிறிது காலம் வார்சாவிலும் ஓவியம் பயின்றார்.

1962-இல் பவநகரில் ஒரு வீட்டில் கூடிய கலைஞர் சிலர், அவ்வீட்டின் இலக்கத்தையே பெயராகச் சூட்டி ‘குரூப் 1890’ என்னும் குழுவை அமைத்தபோது, அதன் கொள்கை அறிக்கையை வரைந்ததில் பெரும்பங்கு இவருடையதே என்பர். 1963-இல் புது தில்லியில் நேரு திறந்துவைக்க, மெக்சிகோவின் தூதரும் கவிஞருமாகிய ஒக்தாவியோ பாஸின் முன்னுரையோடு நிகழ்ந்த கண்காட்சியே அக்குழுவின் முதலும் கடைசியும் ஆயிற்று. இதன்பின் சுவாமிநாதனிடமிருந்து எழுந்தவை, வர்ணப் பரப்பில் மலையொன்று அந்தரத்தில் மிதக்க, அதனருகே சிறு பறவை தனித்து நிற்கும் சித்திரங்கள்.

1982-இல் போபாலின் ஏரிக்கரைச் சரிவில், சார்லஸ் கொரியாவின் அமைப்பில் பாரத் பவன் திறக்கப்பெற்றது. அதன் ‘ரூபாங்கர்’ கலைக்கூடத்தை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற சுவாமிநாதன், ஆதிவாசிகளின் சிருஷ்டி பழங்காலத்தின் எச்சமன்று, நகரத்து ஓவியனின் படைப்பைப் போலவே இக்காலத்துக்கு உரியது என்னும் உறுதியால், இரண்டையும் ஒரே கூரையின்கீழ்ச் சமமாக வைத்தார். இதற்கென மாணாக்கரும் இளங்கலைஞரும் மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். பொருள்களைச் சேகரித்த அப்பயணங்களே அவர்களுக்குப் பாடசாலையுமாயின. பாடன்கட் என்னும் சிற்றூரில் அவர்கள் கண்ட சுவர்ச்சித்திரத்தை எழுதியிருந்தவர் ஜன்கட் சிங் சியாம் என்னும் இளைஞர். பாணா என்னும் நரம்புக்கருவியை மீட்டிக் கோண்டு மக்களின் தெய்வங்களையும் வம்சங்களையும் பாடிவந்த பர்தான் குலத்தவராகிய அவர், போபாலுக்கு வந்து காகிதமும் வர்ணமும் கைக்கொண்டபின், முன்னோர் பண்ணில் வாழ்ந்த தேவதைகள் புள்ளிகளாலும் கோடுகளாலும் உருப்பெற்றன. அச்சுவரை முதலிற் கண்டவர் சுவாமிநாதனா, அவர் அனுப்பியவர்களா என்பதில் எழுதுவோர் ஒருமைப்படவில்லை. அப்பாணி குலமரபின் தொடர்ச்சி என்பாரும், போபாலில் தோன்றிய புதுமை என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டெனல் பொருந்தும். ரூபாங்கரின் தொகுப்பைக் குறித்து 1987-இல் சுவாமிநாதன் ஒரு நூலும் வெளியிட்டார்.

பிற்காலச் சித்திரங்களில் பறவை மறைந்து, மண்ணின் நிறமும் ஆதிவாசிச் சுவர்களை நினைவூட்டும் குறிகளும் புகுந்தன. 1990-இல் போபாலை நீங்கியவர், 1994-இல் காலமானார். ஜன்கட்டின் சுற்றத்தாரும் ஊராரும் பலர் அப்பாணியில் இன்றும் எழுதிவருகின்றனர்.