5ஆம் டானில் 19 வருசம்

ஜூடோ, கராட்டி கிளாசுக்குப் போன ஆக்களுக்குத் தெரியும், கறுப்புப் பட்டி கட்டினதோட விசயம் முடியிறதில்லை. அதுக்கு மேலயும் படிகள் இருக்கு. டான் எண்டு சொல்லுவினம். ஒருவர் மாஸ்ரராக நின்று பழக்கும்போது அவரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு எண்டதை அந்த எண்ணும் அதற்குரிய சான்றிதழும்தான் தீர்மானிக்கும். அப்ப, சான்றிதழைக் குடுக்கிறவர்கள் ஒருவருக்கு மட்டும் குடுக்க மாட்டோம் எண்டு நின்றால்? கெய்கோ ஃபுகுதாவுக்கு அதுதான் நடந்தது.

டான் முறை நாங்கள் நினைக்கிற அளவுக்குப் பழையது இல்லை. ஜப்பானின் பழைய ஜுஜுட்சு பள்ளிகளில், வித்தையை முழுதாகக் கற்ற சீடனுக்கு ஆசான் ஒரு சுருளை எழுதிக் கொடுப்பார். அதை வைத்திருப்பவர் பழக்கலாம். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஒரு புத்த கோயிலில் கோடோகானைத் தொடங்கியபோது, இந்தப் பழக்கத்தை மாற்றினார். 'கோ' என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கிற முறையை எடுத்து ஜூடோவுக்குள் கொண்டுவந்தார். 1883இல் அவரின் இரண்டு மாணவர்கள் முதலாவது டான் பெற்றார்கள். ஆசானின் மனம் குளிர்ந்தால் கிடைக்கிற சுருளுக்குப் பதிலாக, எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு ஏணி. அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம்தான். இண்டைக்கு உலகம் முழுக்கக் கராட்டிக்காரரும் இந்த ஏணியைத்தான் பாவிக்கினம்.

கானோவுக்கு ஜுஜுட்சு பழக்கியவர்களில் ஒருவர் ஹச்சினோசுகே ஃபுகுதா. 1879இல் அவர் இறந்துவிட்டார். அவரின் பேத்திதான் கெய்கோ, 1913இல் பிறந்தவர். பூ அலங்காரம், தேநீர்ச் சடங்கு எண்டு வழமையான வளர்ப்பு. தன்ர ஆசானுக்குச் செய்யிற மரியாதையாகக் கானோ அந்தப் பிள்ளையை ஜூடோ பழக அழைத்தார். மாமா ஒருவருக்கு விருப்பமில்லை. தாயும் தமையனும் ஓம் எண்டார்கள். அங்கே பழகுற பெடியன் ஒருவனைக் கலியாணம் கட்டுவாள் எண்டொரு நினைப்பும் அவர்களுக்கு இருந்ததாம்! கெய்கோ கடைசிவரை கலியாணம் கட்டவில்லை.

1935இல் பழகத் தொடங்கியபோது கோடோகானில் இருந்த பெண்கள் 24 பேர்தான். உயரம் 150 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, நிறை 45 கிலோவும் இல்லை. 1937இல் பயிற்றுநர் ஆகிவிட்டார்.

பெண்களுக்கான பிரிவைக் கோடோகான் 1926இலேயே திறந்துவிட்டதுதான். ஆனால் அவர்களைப் போட்டிக்கு விடுவதில்லை. 'கட்டா' என்ற ஒழுங்குபடுத்திய அசைவுகள்தான் அவர்களுக்கு முக்கிய பாடம். அவர்கள் கட்டின கறுப்புப் பட்டியிலயும் நடுவில ஒரு வெள்ளைக் கோடு ஓடும், தூரத்தில நிண்டு பார்த்தாலே வித்தியாசம் விளங்கட்டும் எண்ட மாதிரி. கெய்கோ அந்தக் கட்டாவையே தன்ர துறையாக்கினார். ஆளை நிலத்தில் விழுத்தாமல், மெதுவாகச் செய்கிற 'ஜு நோ கட்டா'வை 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் செய்து காட்டினார். ஜூடோ ஒலிம்பிக்குக்குள் வந்த முதல் வருசம் அது. பதக்கம் முழுக்க ஆண்களுக்கு. பெண்கள் பதக்கத்துக்காக இறங்க 1992 பார்சிலோனா வரை பொறுக்க வேண்டியிருந்தது.

சான்றிதழ் விசயம் இதைவிட மோசம். 1953இல் கெய்கோவுக்கு 5ஆம் டான் கிடைத்தது. அதோட சரி. பெண்களுக்கு 5ஆம் டானுக்கு மேல் இல்லை எண்டது கோடோகானின் விதி. நல்லா யோசிச்சுப் பாருங்கோ: அவரிடம் விழப் பழகிய ஒரு ஆண் மாணவன் பிறகு 6, 7 எண்டு ஏறிப் போகலாம், பழக்கியவர் அதே படியில் நிற்க வேண்டும். திறமை காணாது எண்டு ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது கட்டாந்தரையில் விழுந்து பழகி மாற்றிக் காட்டியிருக்கலாம். எல்லாருக்குமான ஏணி எண்டு கானோ செய்த ஏணிக்கு, பாதிப் பேருக்கு மட்டும் நடுவில மூடி போட்டிருந்தார்கள்.

1966இல் அமெரிக்கா போனார். கலிபோர்னியாவில் மில்ஸ் கல்லூரியில் 1967 முதல் 1978 வரை பழக்கினார். சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கெனத் தனியாக ஒரு டோஜோ நடத்தினார். மூடியைத் திறக்கச் சொல்லிக் குரல் எழுந்ததும் அங்கிருந்துதான். அவரிடம் பழகிய ஷெல்லி ஃபெர்னாண்டஸ் பெண்ணுரிமை இயக்கத்தில் இருந்தவர், விடவில்லை. 1972இல் கோடோகான் இறங்கி வந்தது. கெய்கோவுக்கும் மசாகோ நோரிதோமிக்கும் 6ஆம் டான். கெய்கோவுக்கு அப்போது 59 வயது. அடுத்த வருசமே பெண்களுக்கான கட்டா பாடநூல் ஒன்றை வெளியிட்டார்.

2006 ஜனவரி 8ஆம் திகதி, 92 வயதில், கோடோகானின் 9ஆம் டான் கிடைத்தது. வேறெந்தப் பெண்ணும் அதுவரை அங்கே போகாத உயரம். அதே நாளில் மூன்று ஆண்களுக்கு 10ஆம் டான் கொடுத்தார்கள். கோடோகான் இதுவரை 10ஆம் டான் கொடுத்த 15 பேரும் ஆண்கள்தான். கெய்கோவுக்கு 10ஐக் கொடுத்தது 2011இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு. அப்போது அவருக்கு 98 வயது, இன்னும் சான் பிரான்சிஸ்கோ டோஜோவுக்குப் போய்ப் பழக்கிக்கொண்டிருந்தார். 2013 பெப்ரவரியில் அங்கேயே இறந்தார்.