முட்டுச்சந்தில் நின்ற ஆட்டக்காரர்கள்: கதைப்புதிர் விளையாட்டுகளின் வரலாறு

கதையைப் புதிர்களால் நகர்த்தும் கணினி விளையாட்டுகள் 1970-களின் நடுவில் அமெரிக்காவில் பிறந்தன. சாகச விளையாட்டு என்று பெயர் பெற்ற இந்த வகைக்கு விரல் வேகம் தேவையில்லை. பூட்டிய கதவும் பேச மறுக்கும் காவலாளியும் வழியில் நிற்பார்கள். விடை தெரிந்தால் கதை மேலே போகும், தெரியாவிட்டால் அதே இடத்தில் நின்றுவிடும். நாவலின் ஓர் அத்தியாயம் புரியாவிட்டாலும் வாசகர் பக்கத்தைப் புரட்டலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. அதனால் இந்த வகையின் ரசிகர்கள் தொடக்கத்திலிருந்தே ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிப் பேசி வந்திருக்கிறார்கள்: எந்தப் புதிர் நியாயமானது, எது அநியாயம்? இத்துறையின் இலக்கணம் பெருமளவு அவர்களின் குறைகூறல்களிலிருந்தும் பாராட்டுகளிலிருந்தும்தான் உருவானது.

முதல் விளையாட்டை எழுதியவர் வில் கிரௌதர். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை உருவாக்கிய போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் அவர் நிரலாளர். ஓய்வு நேரத்தில் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் தயாரிப்பவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையை அவரும் அவர் மனைவி பாட்ரிசியாவும் அளந்திருக்கிறார்கள். மணமுறிவுக்குப் பிறகு, தம் மகள்கள் விளையாடுவதற்காக அந்தக் குகையையே எழுத்துகளாக மாற்றி பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் ஏற்றினார். படம் எதுவும் இல்லை. ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று ஓரிரு சொற்களில் தட்டச்சு செய்தால், நடந்தது என்ன என்று கணினி விவரிக்கும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் கையில் இது கிடைத்தது. அவர் கிரௌதரின் அனுமதியோடு 1977-இல் புதையல்களையும் மாயப் பிராணிகளையும் சேர்த்து விரித்தார். ‘கொலோசல் கேவ் அட்வென்சர்’ அன்றைய கணினிக்கூடங்கள் பலவற்றுக்கும் பரவியது.

அதிலுள்ள ஒரு புதிரை அருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. குகையில் ஒரு பறவை இருக்கிறது, ஒரு கூண்டும் ஒரு கறுப்புக் கோலும் இருக்கின்றன. கையில் கோல் இருந்தால் பறவை அஞ்சி ஒதுங்கும். கோலைக் கீழே வைத்தால் கூண்டில் பிடித்துவிடலாம். பின்னர் மண்டபத்தில் வழிமறிக்கும் பாம்பின் முன் அதைத் திறந்துவிட்டால், பறவை பாம்பை விரட்டிவிடும். பறவை கோலுக்கு அஞ்சுகிறது என்பதைக் கணினியே சொல்லிவிடுவதால் முதல் பாதி நியாயம். சிறு பறவை பெரிய பாம்பை விரட்டும் என்பதை யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. கண்டுபிடித்தபின் மட்டும் அது இனிக்கிறது. இந்த விளையாட்டின் கடைசி ஒரு மதிப்பெண் இன்னும் மோசம்: ஓர் இதழைக் கொண்டுபோய்க் குறிப்பிட்ட ஓர் இடத்தில் போட்டால்தான் 350-க்கு 350 கிடைக்கும். அதற்கு உள்ளே எந்தத் துப்பும் இல்லை. நிரலையே பிரித்துப் படித்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த விளையாட்டை முடித்த கையோடு, எம்ஐடி கணினி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ் ஆகிய நால்வர் ‘ஸோர்க்’ என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். முழு வாக்கியங்களையே புரிந்துகொள்ளும் திறன் அதற்கு இருந்தது. 1979-இல் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் உருவாகி, ஸோர்க்கை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் சிக்கிக்கொண்டவர் அடுத்த மேசையில் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் தனியாகச் சிக்கிக்கொண்டவர் யாரைக் கேட்பார்? கடிதங்கள் வந்து குவிந்தன. ஸோர்க்கை முதலில் சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவரான மைக் டார்ன்புரூக், ஆட்டக்காரர்களுக்கு வரைபடமும் துப்பும் விற்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘இன்விசிக்ளூஸ்’ என்ற துப்புப் புத்தகம். கேள்விகள் சாதாரண மையில் அச்சாகியிருக்கும். விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில். உடன் தரப்படும் பேனாவால் தேய்த்தால் விடை மேலெழும். ஒவ்வொரு கேள்விக்கும் பல விடைகள்: முதலாவது லேசான குறிப்பு, அடுத்தது கொஞ்சம் வெளிப்படை, கடைசியில் முழுத் தீர்வு. கேள்விப் பட்டியலைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, விளையாட்டில் இல்லாத பொருள்களைப் பற்றிய போலிக் கேள்விகளும் நடுவே இருக்கும். ஆட்டக்காரரின் மானத்தையும் மகிழ்ச்சியையும் இவ்வளவு கவனமாக எண்ணிப் பார்த்துச் செய்த வேறொரு பொருள் அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

இன்ஃபோகாமின் ரசிகர்கள் புதிரை மட்டும் பேசவில்லை. ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய ‘பிளானட்ஃபால்’ 1983-இல் வந்தது. அதில் ஃபிளாயிட் என்ற குழந்தைத்தனமான ரோபோ ஆட்டக்காரருக்குத் துணையாக வருகிறது. ஆபத்தான பிராணிகள் நிறைந்த அறைக்குள் ஓர் அட்டையை எடுத்துவரப் போய், அது உயிரைக் கொடுக்கிறது. அந்த இடத்தில் அழுதுவிட்டதாகச் சொன்னவர்கள் ஏராளம். எழுத்து மட்டுமே ஓடும் திரையில் ஒருவரை அழவைக்க முடியும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

அதே மெரட்ஸ்கி, எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸுடன் சேர்ந்து 1984-இல் எழுதிய ‘ஹிச்ஹைக்கர்ஸ் கைடு’ எதிர்த் திசையில் பெயர் பெற்றது. விண்கலத்தில் ஓர் இயந்திரம் பொத்தானை அழுத்தினால், மொழிபெயர்க்கும் பேபல் மீனைத் துப்பும். மீன் சுவரிலுள்ள துளைக்குள் பாய்ந்துவிடும். துளையை மறைக்க மேலங்கியைத் தொங்கவிட்டால் மீன் வடிகாலில் விழும். வடிகாலைத் துண்டால் மூடினால் ஒரு சுத்தம் செய்யும் ரோபோ வந்து அதை அள்ளிக்கொண்டு ஓடும். அதையும் தடுத்தால் இன்னொன்று பறந்து வரும். கடைசித் தடைக்கு விளம்பரத் தபால்கள் வேண்டும். அவையோ ஆட்டத்தின் தொடக்கத்தில் பூமியில், வீட்டு வாசலில் கிடந்தவை. அப்போது எடுக்காதவருக்கு இனி வழியில்லை, ஏனென்றால் பூமியே அழிந்துவிட்டது. ஒவ்வொரு தடையும் ஒரு நகைச்சுவைக் கட்டம் என்பதால் பலர் இதை ரசித்தார்கள். புதிரை வென்றதை அறிவிக்கும் டி-ஷர்ட்டுகளை நிறுவனமே விற்றது. தொடங்கின இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தவர்களின் கோபமும் அதே அளவு நியாயமானதுதான்.

படத்தோடு கூடிய சாகச விளையாட்டுக்கு வழி திறந்தவர்கள் கென், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி. கொலோசல் கேவில் மூழ்கிப்போன ராபர்ட்டா, 1980-இல் ஆப்பிள் II கணினிக்காகக் கோட்டோவியங்களுடன் ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்ற விளையாட்டை வடிவமைத்தார். அவர்கள் தொடங்கிய நிறுவனமே பின்னால் சியரா என்று புகழ்பெற்றது. 1984-இல் வந்த ‘கிங்ஸ் குவெஸ்ட்’ விளையாட்டில் ஆட்டக்காரர் நாயகனைத் திரையில் நடத்திச் செல்லலாம். ஆனால் சியராவின் புதிர்களில் கொடுமை அதிகம். முதல் கிங்ஸ் குவெஸ்டில் ஒரு குள்ளன் தன் பெயரைச் சொல்லச் சொல்வான். ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற நாட்டார் கதைப் பெயரை ஊகித்து, அதைப் பின்னாலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கும் தோல்விதான். ஆங்கில அகரவரிசையையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்து என்று மாற்றி எழுத வேண்டும்! 1990-இல் இந்த விளையாட்டைப் புதுப்பித்தபோது, பெயரைப் பின்னாலிருந்து எழுதுவதே விடையாக மாற்றப்பட்டது.

இதைவிட வலித்தது முட்டுச்சந்துதான், அதாவது இனி வெல்லவே முடியாத நிலை. கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும் காட்சி சில நொடிகள் மட்டும் தோன்றும். பழைய காலணியை வீசி எலியைக் காப்பாற்றியிருந்தால், பின்னர் நாயகன் கட்டுண்டு கிடக்கும்போது அந்த எலி வந்து கயிற்றைக் கடித்து விடுவிக்கும். காப்பாற்றாதவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தவறு எங்கே நடந்தது என்பதையும் விளையாட்டு சொல்லாது. ஆட்டம் தோற்றுவிட்டது என்று தெரியாமலேயே மணிக்கணக்கில் தொடர்ந்து ஆடுவது எந்த ரசிகரும் மன்னிக்காத விஷயம். சியராவின் துப்புப் புத்தகங்களுக்கும் கட்டணத் தொலைபேசிச் சேவைக்கும் இருந்த கிராக்கிக்கு இப்படிப்பட்ட இடங்களும் காரணம்.

இந்தக் குறைகளைத் தொகுத்துக் கோட்பாடாக்கியவர் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ரான் கில்பர்ட். 1987-இல் அவரும் கேரி வினிக்கும் உருவாக்கிய ‘மேனியாக் மேன்ஷன்’ தட்டச்சை ஒழித்து, வினைச்சொற்களைத் திரையிலேயே சுட்டித் தேர்ந்தெடுக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தது. ஆனாலும் அதிலும் முட்டுச்சந்துகள் இருந்தன. 1989-இல் கில்பர்ட் எழுதிய கட்டுரை இத்துறையின் மூல ஆவணங்களுள் ஒன்று. ஆட்டக்காரர் சிக்கலை முதலில் பார்க்க வேண்டும், தீர்வுக்கான பொருளைப் பிறகுதான் பார்க்க வேண்டும் என்பது அதன் முக்கியமான வாதம். பள்ளத்தைக் காணும் முன்பே கயிறு கிடைத்துவிட்டால் அங்கே புதிரே இல்லை. காரணமற்ற சாவும், செத்துப் பார்த்துக் கற்கும் முறையும் கூடாது என்றும் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ அந்தக் கொள்கைகளின் செயல்வடிவம். பல வட்டுகளில் வந்த அந்த விளையாட்டில், ஒரு மரக்கட்டையைப் பார்த்தால் இல்லாத வட்டு ஒன்றைச் செருகச் சொல்லும் ஒரு கேலி உண்டு. அதை உண்மை என்று நம்பியவர்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைக்கவே, சிடி பதிப்பில் அது நீக்கப்பட்டது.

எழுத்து விளையாட்டுகளின் உலகில் இதே பணியை கிரஹாம் நெல்சன் செய்தார். 1990-களில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் ஆட்டக்காரரின் உரிமைகள் ஒரு சாசனமாகவே வகுக்கப்பட்டன. எச்சரிக்கையின்றிக் கொல்லப்படாமல் இருக்கும் உரிமை, முந்தைய ஆட்டங்களில் செத்துப் பெற்ற அறிவு இல்லாமலே வெல்லும் உரிமை, அறிவிப்பின்றி வழி அடைபடாமல் இருக்கும் உரிமை ஆகியவை அதில் அடங்கும்.

1993 செப்டம்பரில் மேகின்டாஷ் கணினிக்கு வெளியான ‘மிஸ்ட்’ ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் பகுதியில் சையான் என்ற சிறு நிறுவனமாக, ஹைப்பர்கார்டு மென்பொருளில் அதை உருவாக்கினார்கள். ஆளற்ற ஒரு தீவு. சுமார் 2,500 நிலைப்படங்கள். சாவு கிடையாது, பைநிறையப் பொருள் சுமக்கும் வேலை கிடையாது. யார் எவர், என்ன நோக்கம் என்ற விளக்கமும் கிடையாது. அதுவரை கணினி விளையாட்டின் பக்கமே வராதவர்கள் குடும்பமாகத் திரைமுன் அமர்ந்து குறிப்பேட்டில் படம் வரைந்தார்கள். 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, 2002-இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை அதிகம் விற்ற பிசி விளையாட்டாக அது இருந்தது. பழைய ரசிகர்களில் பலரோ, இது வெறும் படக்காட்சி, உயிரில்லை என்றார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே அமைதியைத்தான்.

மிஸ்டின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் மிக வலுவானது சுரங்க ரயில் புதிருக்கு எதிரானது. இருட்டுத் தண்டவாளங்களின் சந்திப்புகளில் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைக் குறிக்கிறது. எந்த ஒலிக்கு எந்தத் திசை என்பது, தீவிலிருந்து சென்றடையும் பல உலகங்களுள் வேறொன்றிலுள்ள சுழலும் கோட்டையில்தான் தெரியவரும். உலகங்களை எந்த வரிசையிலும் பார்க்கலாம் என்பதால், சுரங்கத்துக்கு முதலில் வந்தவர்கள் குருட்டுத்தனமாகச் சுற்றினார்கள். இசைக் கட்டையில் கேட்ட சுரங்களை வேறிடத்தில் காதால் பொருத்த வேண்டிய புதிரும் சுரம் பிரித்தறியாதவர்களைத் திணறடித்தது. 1997-இல் வந்த தொடர்ச்சியான ‘ரிவன்’ இந்த விமர்சனத்துக்குச் சரியான பதில். அங்கே எண்களும் விலங்குகளின் ஒலிகளும் அந்தத் தீவு மக்களின் வாழ்க்கையிலிருந்தே வருகின்றன. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் எண் கற்கும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தே ஆட்டக்காரரும் அவர்களின் எண்முறையைக் கற்கிறார். இந்த வகையின் உச்சம் ரிவன் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்த மதிப்பீட்டை மறுப்பது கடினம்.

1990-களின் இறுதியில் சந்தை சரிந்தது. முப்பரிமாண அதிரடி விளையாட்டுகள் இடத்தைப் பிடித்தன. 1999-இல் சியராவின் பழைய ஸ்டுடியோ மூடப்பட்டது. அதே ஆண்டில் சியரா வெளியிட்ட ‘கேப்ரியல் நைட் 3’ விளையாட்டின் ஒரு புதிர் இந்த வீழ்ச்சிக்கே அடையாளமாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க நாயகன் தன் நண்பனைப் போல வேடம் போட வேண்டும். அதற்கு ஒரு துளையில் ஒட்டுநாடாவை ஒட்டி, பூனையை அதன் வழியே விரட்டி முடி சேகரித்து, மேப்பிள் பாகால் ஒட்டி மீசை வைக்க வேண்டும். நண்பனுக்கோ மீசையே கிடையாது! அதனால் திருடிய பாஸ்போர்ட் படத்தின்மேலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். சாகச விளையாட்டைக் கொன்றவர்கள் வெளியார் இல்லை, அது தன்னைத் தானே கொன்றுகொண்டது என்று 2000-இல் விமர்சகர் எரிக் வோல்பா இந்தப் புதிரை வரிவரியாகப் பிரித்து எழுதினார். அந்தக் கோபத்தில் உண்மை இருந்தது. ஜேன் ஜென்சன் எழுதிய அந்தக் கதையின் வரலாற்று ஆழத்தை அது மறைத்துவிட்டது என்பதும் உண்மை.

வோல்பா பின்னர் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து, 2007-இல் வந்த ‘போர்ட்டல்’ விளையாட்டின் எழுத்தாளர்களில் ஒருவரானார். அங்கே ஆட்டக்காரரின் கருத்து விற்பனைக்குப் பிந்திய கடிதமாக வருவதில்லை. வெளியாட்களை அழைத்து விளையாட விட்டு, அவர்கள் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, புதிரைத் திருத்துவது வால்வின் வழக்கம். ஒரு கட்டம் முழுவதும் சுமந்து செல்ல வேண்டிய பெட்டியைச் சோதனை ஆட்டக்காரர்கள் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் அதில் இதயச் சின்னம் வரைந்து, தோழன் என்று பெயரும் சூட்டினார்கள். ரசிகர்கள் அந்தப் பெட்டியின்மேல் உயிரையே வைத்தார்கள்.

பழைய பாணிக்கு ஏங்கியவர்கள் 2012-இல் தங்கள் பணத்தால் பேசினார்கள். டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் புதிய சாகச விளையாட்டு ஒன்றுக்காக ரசிகர்களிடம் 4 லட்சம் டாலர் கேட்க, 87,000-க்கும் மேற்பட்டோர் 33 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தனர். அதில் உருவான ‘புரோக்கன் ஏஜ்’ இரண்டு பாகங்களாக வந்தது. 2014-இல் வந்த முதல் பாகம் மிக எளிது என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். 2015-இல் வந்த இரண்டாம் பாகத்தில் புதிர்கள் கடினமாக்கப்பட்டன. ஒரு பாத்திரத்துக்குத் தெரிந்த தகவலை இன்னொரு பாத்திரம் பயன்படுத்த வேண்டியிருக்கிறது, அந்தப் பாத்திரத்துக்கு அது எப்படித் தெரியும் என்ற புதிய குறை கிளம்பியது. கில்பர்ட்டின் கட்டுரை வந்து கால் நூற்றாண்டு ஆகியும், கதையின் தர்க்கமும் புதிரின் தர்க்கமும் ஒன்றாக வேண்டும் என்ற அதே கோரிக்கைதான் இது.

அதைப் பெரும்பாலானோர் மெச்சும் வகையில் நிறைவேற்றியது லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர் ஒருவர், 1807-இல் ஆளின்றித் திரும்பிய கப்பலில் ஏறி, அதிலிருந்த 60 பேருக்கும் நேர்ந்த கதியைக் கண்டறிய வேண்டும். ஊஞ்சல் படுக்கையில் தொங்கும் எண், பேச்சின் சாயல், உடுப்பு ஆகியவையே துப்புகள். மூன்று பேரின் கதி சரியானால்தான் விளையாட்டு அவற்றை உறுதி செய்யும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒவ்வொன்றாகத் தப்பிக்க முடியாது.

கில்பர்ட் 2022-இல் ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ மூலம் திரும்பி வந்தபோது, துப்புப் புத்தகம் ஆட்டத்துக்குள்ளேயே நாயகனின் கையில் இருந்தது. திறந்தால் முதலில் சிறு குறிப்பு, திரும்பக் கேட்டால் தெளிவான குறிப்பு. புதிர்கள் குறைந்த எளிய ஆட்டமுறையையும் தேர்ந்துகொள்ளலாம். சையான் நிறுவனம் ரிவனை 2024-இல் முழு முப்பரிமாணத்தில் மறுபடி உருவாக்கியபோது வேறு விதமாக யோசித்தது. பழைய விடைகள் ரசிகர்களுக்கு மனப்பாடம் என்பதால் பல புதிர்களையே மாற்றிவிட்டது. இருபத்தேழு ஆண்டுகளாக அந்தத் தீவுகளை அறிந்தவர்களும் புதிதாக வந்தவர்களோடு சேர்ந்து மறுபடி குறிப்பெடுக்க வேண்டியிருந்தது.